குடையிலிருந்து துடைப்பத்துக்கு

2025 ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "ஓகா, வி டோன் டீகேம்ப்!" அனுப்பியவர் வாரியில் இருக்கும் என் பழைய சக ஊழியர். வாரி, நைஜீரியாவின் டெல்டா மாநிலத்து எண்ணெய் நகரம். "முதலாளி, நாங்க கட்சி மாறிட்டோம்" என்பதுதான் பிட்ஜின் என்ற அந்த ஊர்க் கலப்பு ஆங்கிலத்தில் அவர் சொன்னது. மாறியது அவர் இல்லை, அவருடைய மாநிலம். ஆளுநர் ஷெரிஃப் ஒபோரெவ்வோரி, அவருக்கு முந்தைய ஆளுநர் இஃபியானி ஒகோவா, கூடவே கட்சியின் மாநில அமைப்பு முழுவதும் பி.டி.பி.யை (மக்கள் ஜனநாயகக் கட்சி) விட்டு நாட்டின் ஆளுங்கட்சியான ஏ.பி.சி.க்குப் (அனைத்து முற்போக்காளர் காங்கிரஸ்) போய்விட்டது. 1999இல் ராணுவம் ஆட்சியை விட்டுப் போன நாளிலிருந்து டெல்டாவில் பி.டி.பி.யைத் தவிர யாரும் ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அதைவிட வேடிக்கை, 2023 தேர்தலில் அதே பி.டி.பி.யின் துணை அதிபர் வேட்பாளர் இந்த ஒகோவாதான். இரண்டே வருடத்தில், தான் எதிர்த்து நின்ற, அந்தத் தேர்தலில் ஜெயித்து அதிபரான போலா டினுபுவின் வீட்டுக்குள் குடித்தனம் போய்விட்டார்.

நான் 2013இலிருந்து மூன்று வருடம் லாகோஸில் வேலை பார்த்தேன். இகெஜா பக்கம் ஒரு பேக்கேஜிங் கம்பெனியில் கணக்கு வழக்கு. ஊரை விட்டு வந்து ஒன்பது வருடம் ஆகியும் அந்த நாட்டு அரசியலைப் பின்தொடர்வதை மட்டும் விட முடியவில்லை. அதற்கு இந்த வாரிக்காரர்தான் காரணம். அங்கே யாரும் "கட்சி தாவினார்" என்று சொல்வதில்லை. "டீகேம்ப்" என்பார்கள். அந்த ஆங்கிலச் சொல்லை அந்தப் பொருளில் நைஜீரியாவில்தான் கேட்டேன். நாம் இதற்குக் குரங்கைக் கூப்பிடுகிறோம், அவர்கள் கூடாரத்தைக் கூப்பிடுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்களுடைய சொல்தான் சரி. குரங்கு தனியாகத் தாவும். கூடாரத்தைப் பிடுங்கினால் சட்டி பானை, ஆள் அம்பு, ஆடு மாடு எல்லாமே சேர்ந்துதான் கிளம்பும்.

இன்னொரு பழைய சொல்லும் உண்டு. கார்ப்பெட் கிராசிங், அதாவது அவையில் விரித்த கம்பளத்தைத் தாண்டி எதிர்வரிசைக்குப் போவது. 1951 தேர்தலுக்குப் பிறகு இபாதானில் மேற்கு மண்டலச் சட்டமன்றத்தில் நடந்த கதை அது. இக்போ இனத்தவரான ந்னாம்டி அசிகிவேயின் பக்கம் வருவார்கள் என்று எண்ணப்பட்ட சிலர், யொரூபா இனத்தவரான ஒபாஃபெமி அவோலோவோவின் ஆக்‌ஷன் குரூப் கட்சிப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். மேற்கில் ஆட்சி அமைக்க நினைத்த அசிகிவே எதிர்க்கட்சி வரிசையில் உட்கார நேர்ந்தது. உண்மையில் தாவினார்களா, முதலிலிருந்தே அங்கேதான் இருந்தார்களா என்று யொரூபாக்களும் இக்போக்களும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு மதியம் இந்தச் சண்டை வந்து, ஜொல்லாஃப் ரைஸ் ஆறிப்போன பிறகும் முடியவில்லை.

நான் போய் இறங்கிய வருடம்தான் பெரிய கூடாரம் கலைந்தது. 2013 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. தலைநகர் அபுஜாவின் ஈகிள் சதுக்கத்தில் பி.டி.பி.யின் சிறப்பு மாநாடு. அதிபர் குட்லக் ஜோனதன் மேடையில் இருக்கிறார். நடுவில் முன்னாள் துணை அதிபர் அட்டிக்கு அபுபக்கரும் ஏழு ஆளுநர்களும் எழுந்து நடக்கிறார்கள். நேராக இன்னொரு மண்டபத்துக்குப் போய் "புதிய பி.டி.பி. நாங்கள்தான்" என்று அறிவிக்கிறார்கள். டி.வி.யில் பார்த்த எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாரிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நா டெம் டெம்." எல்லாம் அவனுக அவனுகளுக்குள்ளேதான், நமக்கு இதில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இந்த நாட்டு அரசியலுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கவுரையை நான் இதுவரை கேட்டதில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், ஜூலை 31 அன்று, தேர்தல் ஆணையம் ஏ.பி.சி. என்ற புதுக் கட்சியைப் பதிவு செய்திருந்தது. போலா டினுபுவின் தென்மேற்குக் கட்சி, முகமது புகாரியின் வடக்குக் கட்சி, இன்னொரு வடக்குக் கட்சி, கிழக்கிலிருந்து உடைந்து வந்த ஒரு துண்டு எல்லாம் சேர்ந்து ஒன்றானது. சின்னம் துடைப்பம். பி.டி.பி.யின் சின்னம் குடை. நவம்பரில் அந்த ஏழு ஆளுநர்களில் ஐந்து பேர் குடையை மடக்கி வைத்துவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்தார்கள். டிசம்பரில் கீழவை உறுப்பினர்கள் 37 பேர். அடுத்த வருடம் அந்த அவையின் தலைவர் அமினு தம்புவால்கூடப் போனார். 2014 நவம்பர் 20 அன்று நாடாளுமன்ற வாசலைப் போலீஸ் பூட்டியது. மதிப்புக்குரிய உறுப்பினர்கள் கேட் மேல் ஏறிக் குதித்தார்கள், உள்ளே கண்ணீர்ப் புகை. பட்டு அங்கியோடு இரும்புக் கம்பியைப் பிடித்துத் தொங்கிய அந்தப் படங்கள் எங்கள் ஆபீஸில் ஒரு வாரம் சுற்றின.

ஏன் இப்படி என்று கேட்டால் நிறைய காரணம் சொல்வார்கள். எனக்குப் பட்ட முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. நைஜீரியாவில் சுயேச்சையாக நிற்க முடியாது. பஞ்சாயத்து அளவிலிருந்து அதிபர் வரைக்கும் ஏதாவது ஒரு கட்சியின் டிக்கெட் வேண்டும். லாகோஸில் மஞ்சள் டான்ஃபோ வேன் ஓடும். எந்த வேன், யாருடைய வேன் என்று யாரும் பார்ப்பதில்லை. நமக்குப் போகவேண்டிய இடத்துக்குப் போகிறதா, உள்ளே இடம் இருக்கிறதா, அவ்வளவுதான். கட்சியும் அப்படி. டிக்கெட் கிடைக்காதவர் இறங்கி அடுத்த வேனில் ஏறுகிறார். அந்த டிக்கெட்டுக்கு விண்ணப்பம் வாங்குவதற்கே 2022இல் ஏ.பி.சி. அதிபர் ஆசை உள்ளவர்களிடம் 10 கோடி நைரா வாங்கியது. பி.டி.பி. கொஞ்சம் மலிவு, 4 கோடி.

இரண்டாவது, வரைபடம். அதிபராக வேண்டுமானால் மொத்த ஓட்டில் முதலிடம் மட்டும் போதாது. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் நாலில் ஒரு பங்கு ஓட்டாவது வாங்கவேண்டும். வடக்கை மட்டும் வைத்துக்கொண்டோ தெற்கை மட்டும் வைத்துக்கொண்டோ யாரும் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். ஆனால் அதன் பக்கவிளைவு, ஒவ்வொரு மாநிலத்திலும் கையில் ஆள் வைத்திருப்பவர், அதாவது ஆளுநர், விலைமதிப்பில்லாத சரக்காகிவிட்டார். அதோடு அபுஜாவிலிருந்து மாதாமாதம் வரும் பங்குப் பணத்தில்தான் பெரும்பாலான மாநிலங்கள் சம்பளமே போடுகின்றன. பதவியில் இருக்கும்வரை ஆளுநர் மேல் வழக்குப் போட முடியாது. இறங்கிய மறுநாள் போடலாம். இரண்டாவது முறை முடியப்போகும் ஆளுநருக்கு அபுஜாவோடு ஏன் திடீரென்று பாசம் வருகிறது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஏ.பி.சி.யின் அன்றைய தலைவர் ஆடம்ஸ் ஒஷியோம்ஹோலே 2019இல் ஒரு பிரச்சார மேடையில், எங்கள் கட்சிக்கு வந்துவிட்டால் உங்கள் பாவங்கள் மன்னிக்கப்படும் என்ற பொருளில் பேசினார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னமோ, நாடு அதைக் கல்வெட்டில் பொறித்து வைத்துக்கொண்டது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கட்சி மாறும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் பதவியை இழக்கவேண்டும், கட்சியே பிளந்திருந்தாலோ இன்னொன்றோடு இணைந்திருந்தாலோ மட்டும் விலக்கு. அதனால் தாவுகிற ஒவ்வொருவரும் கடிதத்தில் முதலில் எழுதுவது "எங்கள் கட்சியில் பிளவு" என்பதுதான். ஆளுநருக்கு அந்தத் தடையும் இல்லை. ஜம்ஃபாரா மாநிலக் கதை இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2019இல் அங்கே ஏ.பி.சி. ஜெயித்தது. ஆனால் உட்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தக் கட்சியின் ஓட்டுகள் எல்லாவற்றையும் செல்லாது என்று சொல்லிவிட்டது. இரண்டாவதாக வந்த பி.டி.பி.யின் பெல்லோ மதவாலேவுக்கு ஆளுநர் நாற்காலி கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கே போனார் தெரியுமா? ஏ.பி.சி.க்கு.

எடோ மாநிலத்தில் நடந்தது இதைவிட ஒரு படி மேல். 2016இல் ஆளுநர் தேர்தல். ஏ.பி.சி. சார்பில் காட்வின் ஒபாசெகி, பி.டி.பி. சார்பில் ஒசாகி இசே-இயாமு. பதவி முடிந்து போகிற ஆளுநர் ஒஷியோம்ஹோலே, அதே பாவமன்னிப்புக்காரர், ஒபாசெகியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இசே-இயாமுவை மேடைமேடையாகக் கிழித்தார். ஒபாசெகி ஜெயித்தார். அப்புறம் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகவில்லை. 2020இல் ஏ.பி.சி. ஒபாசெகிக்கு டிக்கெட் மறுக்க, அவர் பி.டி.பி.க்குப் போனார். இசே-இயாமு அதற்குள் ஏ.பி.சி.க்கு வந்திருந்தார். அதே இரண்டு பேர், அதே மாநிலம், அதே போட்டி, சட்டை மட்டும் மாற்றி. ஒஷியோம்ஹோலே தான் முன்பு கிழித்தவருக்காகவே ஓட்டுக் கேட்டு வந்தார். நாலு வருடம் முன்னால் பேசிய வீடியோக்களை எதிர்த்தரப்பு ஊர் ஊராக ஓட்டியது. புதிதாகப் பேச்சு எழுதவேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லை. ஒபாசெகி 3,07,955, இசே-இயாமு 2,23,619. கட்சியை மாற்றிப் போட்டும் முடிவு அதேதான்.

சரி, அட்டிக்குவுக்கு வருவோம். அவரைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 1946இல் பிறந்தவர், சுங்கத்துறை அதிகாரியாக இருந்து பணக்காரர் ஆனவர். 1993இல் ஜோஸ் நகரில் நடந்த கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் மூன்றாவதாக வந்து ஒதுங்கினார். 1999 முதல் எட்டு வருடம் ஒலுசெகுன் ஒபாசாஞ்சோவின் துணை அதிபர். ஒபாசாஞ்சோ மூன்றாவது முறை ஆளப் பார்த்தபோது எதிர்த்தார். 2006இல் செனட் அந்தத் திட்டத்தைக் குழிதோண்டிப் புதைத்தது, இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. துணை அதிபராக இருந்துகொண்டே எதிர்க்கட்சியில் சேர்ந்தார்! பதவி போகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007 தேர்தலில் அவர் பெயரை ஆணையம் நீக்க, தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால் நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. கோடிக்கணக்கான ஓட்டுச்சீட்டுகளை அவசரமாகத் திரும்ப அச்சடித்தார்கள். அவர் மூன்றாவதாக வந்தார்.

பிறகு பி.டி.பி.க்குத் திரும்பி 2011 உட்கட்சித் தேர்வில் ஜோனதனிடம் தோல்வி. நான் டி.வி.யில் பார்த்த அந்த வெளிநடப்பு. ஏ.பி.சி.யில் சேர்ந்து 2014இல் அதன் உட்கட்சித் தேர்வில் புகாரியிடம் தோல்வி. 2017இல் மறுபடி பி.டி.பி. 2019இல் வேட்பாளராகி மறுபடி புகாரியிடம் தோல்வி. 2023இல் டினுபுவிடம் தோல்வி. 2025 ஜூலையில் பி.டி.பி.யை விட்டு மூன்றாவது முறையாக வெளியேறினார். இந்தப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வருகிறது. எனக்கு அவர்மேல் ஒரு மாதிரியான மரியாதையும் வருகிறது. மற்றவர்கள் ஆட்சி இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். இவர் பெரும்பாலும் ஆட்சியை விட்டு வெளியே போகிறார். கொள்கை என்று சொல்லமாட்டேன். ஆசைதான். ஆனால் ஆசைக்கும் ஒரு நேர்மை உண்டு இல்லையா? தனக்கு என்ன வேண்டும் என்பதை அவர் முப்பது வருடமாக மறைத்ததே இல்லை.

அதோடு ஒப்பிட்டால் டினுபு தாவவே இல்லை என்றுகூட வாதாடலாம். லாகோஸ் ஆளுநராக இருந்தபோது இருந்த கட்சி வேறு, அடுத்தது வேறு, அதற்கடுத்தது வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் வேனை விட்டு அவர் இறங்கவில்லை. வேனுக்கே புதுப் பெயிண்ட் அடித்து, இன்னொரு வேனோடு சேர்த்துக் கட்டி ஓட்டினார். 2022 ஜூனில் அபெயோகுட்டாவில் நின்று "எமி லோ கான்" என்றார். யொரூபாவில், இப்போது என் முறை. புகாரியை ஏற்றி உட்கார வைத்தது நான், இனி எனக்குத் தரவேண்டியதைத் தாருங்கள் என்ற கணக்கு. தேர்தலையே கைமாற்றுக் கடன் மாதிரி பேசிய அந்தப் பேச்சுக்குக் கோபப்பட்டவர்கள் நிறைய. கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அது அங்கே நான் கேட்டதிலேயே வெளிப்படையான அரசியல் பேச்சாகப் பட்டது.

எல்லாரும் டீகேம்ப் பட்டியலைத் தட்பவெப்பம் பார்க்கும் கருவி போலப் பார்க்கிறார்கள். ஆளுநர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் காற்று. 2015இல் அது பலித்தது. புகாரி ஒரு கோடியே 54 லட்சம், ஜோனதன் ஒரு கோடியே 28 லட்சம் சொச்சம். பதவியில் இருக்கும் அதிபர் தேர்தலில் தோற்றது அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. முடிவு முழுவதும் வரும் முன்பே ஜோனதன் போன் போட்டு வாழ்த்தினார். அன்று மாலை எங்கள் தெருவில் ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறித் துடைப்பங்கள் ஆடின. வீட்டில் பெருக்குகிற நிஜத் துடைப்பங்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கருவி சரியாகக் காட்டவே இல்லை. 2018 ஜூலையில் ஒரே நாளில் பத்துப் பதினைந்து செனட்டர்களும் 37 கீழவை உறுப்பினர்களும் ஏ.பி.சி.யை விட்டு வெளியேறினார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து செனட் தலைவர் புகோலா சராகியும் போனார். க்வாரா மாநிலத்தில் அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் வைத்ததுதான் சட்டம். ஏ.பி.சி.யின் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. 2019இல் க்வாரா மக்கள் "ஓ டோ கே" என்றார்கள். "போதும்பா" என்று அர்த்தம். சராகி தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார், மாநிலமும் கையைவிட்டுப் போனது. புகாரி மறுபடி ஜெயித்தார்.

2023 இன்னும் வேடிக்கை. முன்னாள் ஆளுநர் பீட்டர் ஓபி, பி.டி.பி. உட்கட்சித் தேர்வுக்கு மூன்று நாலு நாள் முன்னால் அந்தக் கட்சியை விட்டு இறங்கி, ஒரு வாரத்துக்குள் லேபர் பார்ட்டி டிக்கெட்டோடு நின்றார். அந்தக் கட்சியில் ஒரு ஆளுநர்கூட இல்லை. "ஸ்ட்ரக்சர் எங்கே?" என்று கேலி செய்தார்கள். அமைப்பு இல்லாதவன் என்பது அங்கே பெரிய வசவு. அந்தப் பக்கம் பி.டி.பி.யில் டிக்கெட் கிடைக்காத ரிவர்ஸ் மாநில ஆளுநர் நியேசம் வீகே நாலு ஆளுநர்களைச் சேர்த்துக்கொண்டு, கட்சியை விட்டுப் போகாமலே சொந்தக் கட்சி வேட்பாளரைக் கவிழ்க்கும் வேலையில் இறங்கினார். இன்னும் பி.டி.பி.காரன்தான் என்று சொல்லிக்கொண்டே டினுபுவின் அமைச்சரவையில் உட்கார்ந்தார். கூடாரத்தைக் கலைக்காமலேயே குடிபெயர்கிற வித்தை! ஆனால் அவரோடு நின்றவர்களில் மூன்று ஆளுநர்கள் செனட் தேர்தலில் நின்றார்கள். மூன்று பேரும் தோற்றார்கள்.

முடிவு இப்படி: டினுபு 87.9 லட்சம், அட்டிக்கு 69.8 லட்சம், ஓபி 61 லட்சம், ராபியு குவான்குவாசோ கிட்டத்தட்ட 15 லட்சம். டினுபுவுக்கும் அட்டிக்குவுக்கும் ஆளுக்கு 12 மாநிலங்கள், ஸ்ட்ரக்சர் இல்லாத ஓபிக்கு 11 மாநிலங்களும் தலைநகர் அபுஜாவும். ஓபி, அட்டிக்கு, குவான்குவாசோ மூவருமே ஒரு வருடம் முன்புவரை ஒரே பி.டி.பி.யில் இருந்தவர்கள். மூவரின் ஓட்டையும் கூட்டிப் பார்க்க எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. டினுபுவின் கோட்டையான லாகோஸிலேயே ஓபி 9,848 ஓட்டில் முந்தினார். இன்னொன்று, ஒகோவா துணை அதிபர் வேட்பாளராக, அதே நேரத்தில் டெல்டா ஆளுநராகவும் இருந்தாரே, அந்த டெல்டாவில் முதலிடம் யாருக்கு? ஓபிக்கு. ஆளுநர் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்.

அதனால்தான் 2025இன் பட்டியலைப் பார்த்து நான் பெரிதாக அசரவில்லை. ஜூனில் அக்வா இபோம் ஆளுநர், அக்டோபரில் எனுகு ஆளுநர் என்று வரிசையாகத் துடைப்பத்தைக் கையில் எடுத்தார்கள். நாடே ஒரு கட்சியாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் ஒதுக்கவில்லை. 2023இல் பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒருவர்கூட ஓட்டுப்போட வரவில்லை. ஆட்கள் வராத தேர்தலில் ஆளுநரின் கை நீளமானதுதான். ஆனாலும் இந்தப் பட்டியல் ஆளுநர்களின் பயத்தை அளக்கிறது, ஊரின் மனதை அளக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வாரிக்காரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நீ ஓட்டை எண்ணுகிறாய் ஓகா, இங்கே யார் எண்ணுகிறார்கள் என்பதுதான் விஷயம்" என்று எழுதினார். பதில் தோன்றாமல் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி வைத்தேன்.

எதிர்ப்பக்கம் 2025 ஜூலையில் ஒரு கூட்டணி ஏ.டி.சி. என்ற சின்னக் கட்சியை எடுத்துக்கொண்டது. முன்னாள் செனட் தலைவர் டேவிட் மார்க் இடைக்காலத் தலைவர். டினுபுவின் நிழலில் வளர்ந்து பிரிந்த ரவுஃப் அரெக்பெசோலா செயலாளர். அட்டிக்கு வந்தார். வருடத்தின் கடைசி நாளில் எனுகுவில் கூட்டம் போட்டு ஓபியும் வந்தார். 2019இல் அட்டிக்குவுக்குத் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர்தான் இந்த ஓபி. கட்சியின் சின்னம், கைகுலுக்கும் இரண்டு கைகள்.

புத்தாண்டு வாழ்த்தோடு வாரிக்காரரிடம் கேட்டேன்: "ரெண்டு பேரும் ஒரே வேன்ல ஏறிட்டாங்களே, இனி என்ன?" ராத்திரி பதில் வந்தது. "முன் சீட்டு ஒண்ணுதானே ஓகா."